பாதரச தெர்மாமீட்டர் பார்சல்ல வருமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, நான் வீட்டுலயே பிளாக் அண்ட் வொயிட் ஃபிலிம் டெவலப் பண்ணுதேன். துபாய்ல ஸ்டுடியோவ மூடுன ஒருத்தர்கிட்ட பழைய கோடக் பாதரச தெர்மாமீட்டர் இருக்காம். கொரியர்ல வரவழைக்கலாமா? இல்லன்னா அங்க வேலை பாக்குற மச்சான் லீவுக்கு வரும்போ பெட்டியில போட்டு கொண்டு வரட்டா? – தக்கலை வாசகர்

பதில்: ரெண்டும் வேண்டாம். விமான கணக்குல பாதரசம் டேஞ்சரஸ் கூட்ஸ், அத உள்ள அடைச்ச பொருளுக்குன்னே யூஎன் 3506ன்னு தனி நம்பர் போட்டு வச்சிருக்காங்க. சாதா தபால்ல எடுக்கவே மாட்டாங்க, கொரியர்னா பாதரசம்னு எழுதிக் குடுத்து, கசியாத பேக்கிங் பண்ணி, அதுக்கான பேப்பர் எல்லாம் ரெடி பண்ணணும், அந்த செலவு தெர்மாமீட்டர் விலைய தாண்டிரும். விக்கிறவரு "சும்மா கண்ணாடி சாமான்னு எழுதி அனுப்பிருதேன்"னு சொன்னா சம்மதிக்காதீங்க. விமானத்துல அலுமினியம் நிறைய, பாதரசம் ஒழுகி அதுல பட்டு மேல உள்ள ஆக்சைடு படலம் கீறியிருந்தா அந்த இடத்த அரிச்சிட்டே போகும், அதுக்குத்தான் இவ்வளவு கெடுபிடி.

மச்சான் விஷயம்: காய்ச்சல் பாக்குற பாதரச தெர்மாமீட்டர்னா ஆளுக்கு ஒண்ணு, சொந்த உபயோகத்துக்கு, உறைக்குள்ள போட்டு செக்-இன் பெட்டியில வைக்கலாம். டார்க்ரூம் தெர்மாமீட்டர் அந்த சலுகையில வராது. பாவம், லீவுக்கு வாற மனுசன ஏர்போர்ட்ல நிக்க வைக்காதீங்க.

கேள்வி: அப்போ பாதரசம் இல்லாம டெவலப்பருக்கு வேண்டிய 20 டிகிரி செல்சியஸ எப்படி நம்புறது? சிவப்பு கலர் தெர்மாமீட்டர் ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமா காட்டுதே? – மார்த்தாண்டம் வாசகி

பதில்: நல்ல கேள்வி. சிவப்பா இருக்கிறது ஸ்பிரிட், மலிவானதுல ஒரு டிகிரி ரெண்டு டிகிரி தப்பு சகஜம்தான். ஆனா எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சிட்டா போதுமே, அந்த அளவ கூட்டியோ கழிச்சோ படிச்சுக்கலாம். ஐஸை நல்லா நொறுக்கி, கொஞ்சமா தண்ணி ஊத்தி, கஞ்சி பதத்துக்கு கலக்கி அஞ்சு நிமிஷம் முக்கி வையுங்க, 0 காட்டணும். இன்னொரு பக்கம் செக் பண்ண ஒரு வழி இருக்கு, பலபேர் யோசிக்கிறதில்ல: கலர் ஃபிலிம் சி-41 டெவலப்பருக்கு 37.8 டிகிரி, அதாவது சரியா 100 ஃபாரன்ஹீட், இது காய்ச்சல் தெர்மாமீட்டரோட அளவுக்கு நடுவுலயே வருது. அதனால 100 ஃபாரன்ஹீட் பக்கத்துல உள்ள வெந்நீர்ல ரெண்டையும் சேர்த்து முக்கி ஒத்துப் பாத்துக்கலாம், டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டரா இருந்தாலும் சரி. கண்ணாடியா இருந்தா 42 செல்சியஸுக்கு மேல சூடான தண்ணில போட்டா வெடிச்சிரும், அது மட்டும் கவனம். இப்படி ரெண்டு முனையும் தெரிஞ்சா நடுவுல 20 எங்க வரும்னு கணக்கு போட்டுக்கலாம்.

இன்னொண்ணும் சொல்லிருதேன், நம்ம ஊருல குழாய்த் தண்ணியே 27, 28 வருது, 20லதான் பண்ணுவேன்னு ஐஸோட மல்லுக்கட்ட வேண்டாம். ஹெச்பி5 ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பர் ஸ்டாக்ல (தண்ணி சேர்த்து நீர்க்க வைக்காதது) 20 டிகிரிக்கு ஏழரை நிமிஷம்னா 24ல சுமார் அஞ்சேகால் நிமிஷம் வரும். அஞ்சு நிமிஷத்துக்கு கீழ போனா திட்டுத்திட்டா ஆகும், அதனால 24ஓட நிறுத்திக்குங்க. டெவலப்பர், அத நிறுத்துற ஸ்டாப், படத்த நிலைக்க வைக்கிற ஃபிக்ஸர், கழுவுற தண்ணி எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டுல இருக்கணும், தசம புள்ளிய விட அதுதான் முக்கியம்.

கேள்வி: தாத்தா ஸ்டுடியோவுல இருந்த பாதரச தெர்மாமீட்டர் கிடைச்சுது, ஆனா பாதரச கோடு நடுவுல விட்டுவிட்டு நிக்குது. தூரப் போடணுமா? – குளச்சல் வாசகர்

பதில்: போட வேண்டாம், குலுங்குனதுல பிரிஞ்சிருக்கும். ஐஸும் உப்பும் கலந்து குண்டு பாகத்த மட்டும் அதுல வச்சா பாதரசம் முழுசும் சுருங்கி கீழ இறங்கி ஒண்ணு சேரும், அப்புறம் எடுத்து நிமிர்த்தி வச்சு மெதுவா பழைய சூட்டுக்கு வர விடுங்க. ஒரு தடவைல சேரலன்னா மறுபடி செய்யுங்க, தீயில மட்டும் காட்டாதீங்க. சேர்ந்த பிறகு ஐஸ் கஞ்சியில 0 பாத்துட்டு, டார்க்ரூமுக்குள்ள கொண்டு போகாம மத்ததுகள சரிபாக்க மட்டும் வச்சுக்குங்க.

ஏன்னா ஜன்னல் இல்லாத சின்ன ரூமு, இருட்டுல கை தட்டி உடைஞ்சா பாதரச ஆவி அங்கயே தங்கும். கொடைக்கானல்ல 2001ல மூடுன தெர்மாமீட்டர் ஃபேக்டரியால வந்த பாதரச மாசு வழக்கு எத்தனை வருஷம் நடந்துதுன்னு நமக்கு தெரியும்தானே. பாதரசத்த குறைக்க நாடுகள் சேர்ந்து போட்டு 2017ல அமலுக்கு வந்த மினமாட்டா ஒப்பந்தமும் சேர்ந்துதான் புதுசா பாதரசத்துல செய்யுறது குறைஞ்சு போச்சு.

உடைஞ்சா? தங்க மோதிரம், வளையல முதல்ல கழட்டுங்க, தங்கத்துல ஒட்டிக்கும். கதவ திறந்து வச்சுட்டு மத்தவங்கள வெளிய அனுப்புங்க. விளக்குமாறும் வேண்டாம், வேக்குவம் கிளீனரும் வேண்டாம், டார்ச்ச தரையோட சாய்ச்சு அடிச்சா மணி மணியா மின்னும், அட்டையால கூட்டி, பொடிச மட்டும் டேப்ல ஒட்டி எடுத்து, கொஞ்சம் தண்ணி ஊத்துன மூடி போட்ட பாட்டில்ல அடைங்க. அத சிங்க்ல கொட்டிராதீங்க, வீட்டு குப்பையோடயும் போடாதீங்க, ஆபத்தான கழிவுன்னு சொல்லி தனியா குடுங்க.