கதாபாத்திரம் நடப்பதற்கு முன் பந்து குதிக்கட்டும்

கேள்வி: ஆறு மாத அனிமேஷன் வகுப்பை முடித்துவிட்டேன். பிளெண்டர் மென்பொருளில் எது எங்கே இருக்கிறது என்பது நன்றாகவே தெரியும். ஆனால், நான் நடக்கவைக்கும் கதாபாத்திரம் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மிதக்கிறது. எங்கே தவறுகிறேன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மிதப்பது உங்கள் கண்ணுக்கே பட்டிருப்பது நல்ல அறிகுறி. பல வகுப்புகள் இரண்டாம் வாரத்திலேயே மனித உருவத்தைக் கையில் கொடுத்துவிடுகின்றன; இது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம். ஒரு மாதம் நடையை ஒதுக்கிவைத்து, ஒரு பந்தை மட்டும் குதிக்கவையுங்கள்.

நொடிக்கு 24 ஃபிரேம் (அசையாத தனிப்படம்) என்று கொண்டால், சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விடப்படும் பந்து 12 ஃபிரேம்களில் தரையைத் தொடும். முதல் ஆறு ஃபிரேம்களில் அது 30 சென்டிமீட்டர்தான் இறங்கியிருக்கும். மீதி 90 சென்டிமீட்டரையும் அடுத்த ஆறு ஃபிரேம்களில் கடந்துவிடும். மறுபடி எழும்போது பாதி உயரத்துக்கு எழுகிறது என்றால் நேரமும் பாதியாகிவிடும் என்று பலர் ஆறு ஃபிரேம் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் எட்டுக்கு மேல் ஆகும். கால்பங்கு உயரத்துக்கு எழும்போதுதான் ஆறு ஃபிரேம் சரியாக வரும்.

இனி, மேலே ஒன்று, தரையில் ஒன்று என இரண்டு கீ ஃபிரேம்களை (பந்தின் இடத்தை நாமே குறித்துவைக்கும் ஃபிரேம்களை) மட்டும் வைத்து ஓடவிட்டுப் பாருங்கள். இடைப்பட்டவற்றைப் பிளெண்டர் தானே நிரப்பும்போது, இரு முனைகளிலும் வேகத்தைக் குறைத்துவிடும். பந்து தரையை நெருங்கையில் தயங்கித் தயங்கி, மெத்தையில் அமர்வதுபோல் அமரும். உங்கள் கதாபாத்திரத்தின் பாதமும் இப்படித்தான் தரையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, தரையைத் தொடும் புள்ளியில் இருக்கும் குழைவான வளைவை முறித்துக் கூர்மையாக்கினால், பந்துக்கு அந்த நொடியே எடை வந்துவிடும். இரும்புக் குண்டு, பலூன், டென்னிஸ் பந்து என்று மூன்றையும் ஒரே வட்டத்தை வைத்துப் பார்ப்பவருக்குப் புரியவைக்கும் வரை இதை விடாதீர்கள்.

அதன்பின் நடைக்கு வரலாம். சாதாரண நடையில் ஓர் அடிக்கு 12 ஃபிரேம் போதும். குதிகால் தரையைத் தொடும் நிலை, எடை இறங்கி முழங்கால் மடங்கும் நிலை, ஒரு கால் மற்றதைக் கடக்கும் நிலை, உடல் உயர்ந்து முன்னே தள்ளும் நிலை ஆகிய நான்கையும் வைத்துவிட்டு, இடைநிரப்பலை நிறுத்தி, படம் வெட்டி வெட்டி ஓடும்படி செய்து பாருங்கள். ஒரு கால் தூக்கப்படும்போது இடுப்பு ஊன்றிய காலின் பக்கம் நகர்கிறதா என்பதையே முதலில் கவனியுங்கள். அது நகராவிட்டால் கைவீச்சை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை.

கேள்வி: அனிமேஷனின் 12 கோட்பாடுகளையும் படித்து முடித்த பிறகுதான் பயிற்சியைத் தொடங்க வேண்டுமா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: வேண்டாம். டிஸ்னி நிறுவனத்தின் அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் அவற்றைத் தொகுத்து வெளியிட்ட ஆண்டு 1981. அதற்குள் அவர்கள் பல பத்தாண்டுகள் வரைந்து முடித்திருந்தார்கள். பந்துப் பயிற்சியிலேயே அவற்றில் நான்கைந்து உங்கள் கைக்கு வந்துவிடும், பெயர் பிறகு தெரிந்தால் போதும்.

கேள்வி: நானே நடித்து, அதைக் கைபேசியில் பதிவு செய்து, பார்த்து அனிமேட் செய்கிறேன். இது காப்பியடிப்பதாகாதா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: ஆகாது, ஆனால், ஃபிரேமுக்கு ஃபிரேம் அப்படியே படியெடுத்தால் அசைவு சப்பென்று இருக்கும். பதிவில் காரணத்தைத் தேடுங்கள். வெறுங்குடத்தை ஒருமுறையும், நீர் நிறைந்த குடத்தை ஒருமுறையும் தரையிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துப் பதிவு செய்யுங்கள். வெறுங்குடத்தைக் கை மட்டுமே தூக்கிவிடும். நிறைகுடத்துக்கோ, கால்கள் முதலில் அகன்று ஊன்றுகின்றன, உடல் ஒருமுறை தாழ்கிறது, குடம் அதன் பிறகே தரையை விட்டுக் கிளம்புகிறது. இடுப்பில் அமர்ந்ததும் உடல் மறுபக்கம் சாய, வெறுங்கை தானாக விலகி நீள்கிறது. எந்த உறுப்பு முதலில் அசைந்தது, எத்தனை ஃபிரேம் கழித்து அடுத்தது அசைந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வீடியோவை மூடிவைத்துவிட்டு அனிமேட் செய்யுங்கள். குடத்தையே காட்டாமல், தூக்குபவரின் உடலை மட்டும் காட்டி, அது நிறைகுடமா வெறுங்குடமா என்று வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.