மணலில் புதையாத படகு வண்டி

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். பழைய ஹோபி 16 கேட்டமரன் (இரட்டை உடல் பாய்மரப் படகு) ஒன்று வாங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கொண்டுபோய் ஓட்டுகிறேன். மணலைத் தாண்டித் தண்ணீருக்கு இழுக்க ஒவ்வொரு முறையும் ஆள் தேட வேண்டியிருக்கிறது. குறைந்த செலவில் இங்கேயே பட்டறையில் ஒரு தள்ளுவண்டி செய்துகொள்ள முடியுமா?

பதில்: முடியும். கட்டுமரமாக இருந்தால் கரையேறியதும் கட்டை அவிழ்த்து, மரம் மரமாகத் தோளில் தூக்கிப் போய்விடலாம். உங்கள் படகு 145 கிலோ, அகலம் 2.41 மீட்டர். பாய், கயிறு, நனைந்த கேன்வாஸ் எல்லாம் சேர்ந்தால் 170 கிலோவைத் தொடும். 200 கிலோ தாங்கும்படி செய்யுங்கள்.

முதலில் சக்கரம், ஏனென்றால் பெரும்பாலோர் கோட்டை விடுவது இதில்தான். சின்ன கெட்டி ரப்பர் சக்கரம் சிமென்ட் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடும், காய்ந்த மணலில் பத்தடி போவதற்குள் அச்சு வரை புதையும். மணல் பார்ப்பது எடையை மட்டுமல்ல, அந்த எடை எவ்வளவு பரப்பில் உட்காருகிறது என்பதையும்தான். ஒரு பக்கத்துக்கு 85 கிலோ என்று வையுங்கள். டயரில் 30 பாயின்ட் காற்று இருந்தால் மணலைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 40 சதுர செ.மீ.; 6 பாயின்ட்டுக்கு இறக்கினால் 200. டயரின் விறைப்பு இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும், ஆனால் போக்கு இதுதான். ஆட்டோவுக்குப் போடும் 4.00-8 டயர் நான்கு, ட்யூப், ரிம்மோடு பழையதாக வாங்கி, பக்கத்துக்கு இரண்டாக ஜோடி சேருங்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். பட்டன் தேய்ந்து மழுங்கிய டயரே நல்லது: எளிதில் வளையும், மணலைத் தோண்டாது. ஒரு எச்சரிக்கை: இந்த ரிம் இரண்டு பாதியாகச் சேர்ந்தது. காற்றை முழுக்க இறக்காமல் நட்டைக் கழற்றினால் ரிம் வெடித்துத் தெறிக்கும்.

அச்சுக்கு ஒன்றரை இன்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், சிவப்புப் பட்டை போட்ட கனமான சி கிளாஸ். நீலப் பட்டையும் தாங்கும், ஆனால் பள்ளத்தில் சக்கரம் குதிக்கும்போது பயம் இருக்கும். நீளம் 2.5 மீட்டர். வேலூரிலிருந்து ஏற்றிப்போக வசதியாக நடுவில் வெட்டி ஸ்லீவ் (இணைப்புக் குழாய்) போடலாமா என்று தோன்றும். வேண்டாம். சக்கரங்கள் படகுக்கு வெளியே இருப்பதால், இரண்டு தொட்டிலுக்கும் (படகின் உடல்கள் உட்காரும் தாங்கிகள்) இடைப்பட்ட பைப் முழுவதிலும் வளைக்கும் விசை ஒரே அளவு. நடுவில் குறைவதே இல்லை. அங்கே வெட்டினால் அங்கேதான் மடங்கும். முழுப் பைப்பாகவே பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டி எடுத்துப் போங்கள், சக்கரங்கள் மட்டும் கழன்று வரட்டும்.

பைப்பின் இரு முனையிலும், சக்கரம் சுழல, 30 மி.மீ. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடு, 20 செ.மீ. உள்ளே நுழையும்படி. பைப் துளை 40 மி.மீ. என்பதால் லேத்தில் இரண்டு வளையம் கடைந்து கோர்த்து, பிறகு வெல்டிங். ஸ்டெயின்லெஸையும் இரும்பையும் இணைக்க 309 வெல்டிங் ராடு கேளுங்கள், சாதாரண வெல்டிங் ராடில் விரிசல் விடும். வெல்டிங் விழும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முதலில் கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும். சூட்டில் அது எரிந்து வரும் புகை காய்ச்சல் வரவைக்கும். முடிந்ததும் ஜிங்க் பெயின்ட்.

பால் பேரிங் போடாதீர்கள், உப்புநீரில் சீக்கிரமே இறுகிவிடும். மீதமுள்ள ஜி.ஐ. பைப்பில் 20 செ.மீ. துண்டு வெட்டி ஹப் (சக்கரக் குடம்) ஆக்கி, ரிம்களை அதில் பிளேட் வைத்து போல்ட் செய்து, உள்ளே எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) புஷ், அதாவது ராடு சுழலும் உள்வளையம், அடியுங்கள். ராடைவிட அரை மில்லி தளர்வு வேண்டும். நைலான் புஷ் தண்ணீர் குடித்து உப்பி, ராடைக் கவ்விக்கொள்ளும். கிரீஸும் கூடாது: மணல் அதில் ஒட்டி உப்புத்தாள் போலத் தேய்க்கும். வெளியே வாஷரும் கடையாணியும் போதும், மாட்டுவண்டி போலவே.

தொட்டிலுக்கு 6 இன்ச் பி.வி.சி. பைப்பில் 30 செ.மீ. துண்டு இரண்டு, மேல் மூன்றில் ஒரு பங்கை நீளவாக்கில் அறுத்தெடுத்தது. அடியில் வளைத்த பட்டை இரும்பு வைத்து யூ போல்ட்டால் பைப்பில் மாட்டுங்கள். ஹோபியின் உடல் நுரைக்கு இருபுறமும் ஃபைபர் போட்ட மெல்லிய சுவர்; ஒரே புள்ளியில் பாரம் விழுந்தால் அது உள்ளுக்குள் பிரிந்துவிடும். அதனால் மெத்தை அவசியம். நம் பக்கம் தோல் தாராளமாகக் கிடைக்கிறதே என்று அதை ஒட்டாதீர்கள், உப்பில் ஊறிக் காய்ந்தால் விறைத்துப் படகைச் சுரண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ மெட்டீரியல் கடைகளில் விற்கும் 15 மி.மீ. ஈ.வி.ஏ. (செருப்புக்குப் போடும் மெத்தென்ற நுரை) சோல் ஷீட் தண்ணீர் குடிக்காது, அழுந்தினாலும் மீளும்.

வண்டியைப் படகின் சமநிலைப் புள்ளிக்கு 15 செ.மீ. பின்னால் வையுங்கள். அப்போது முன்முனையில் கைக்கு 9, 10 கிலோதான் வரும். சரியாகப் புள்ளியிலேயே வைத்தால் முன்முனை கையில் நில்லாது மேலே எழும்பும்.

கடலுக்குப் போகும் முன் சோதிக்க உங்களுக்குப் பாலாறே இருக்கிறது. காய்ந்த மணல் உள்ள இடமாகப் பார்த்து, தொட்டில்கள் மேல் பலகை போட்டு, 40 கிலோ அளவில் நான்கு மணல் மூட்டைகளை ஒவ்வொரு தொட்டிலுக்கும் நேராக இரண்டிரண்டு ஏற்றி இழுங்கள். தடம் இரண்டு இன்ச்சுக்கு மேல் ஆழமாக விழுந்தால் காற்றை இன்னும் ஒரு பாயின்ட் இறக்குங்கள். 5க்குக் கீழே போனால் ட்யூப் வால்வு கிழியும். முடிந்ததும் மணலை அங்கேயே கொட்டிவிடுங்கள்.

கரையில் முழங்கால் ஆழம் வரை இறக்கினால் போதும், படகு மிதந்ததும் வண்டியைப் பின்பக்கமாக உருவி உடனே மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். அலை அடித்தால் அதே வண்டி படகின் அடியை இடிக்கும். பாய்மரத்தை நிறுத்திய பிறகு இழுப்பதானால் வழியில் மின்கம்பி இருக்கிறதா என்று முதலில் நடந்து பார்த்து வாருங்கள். பாய்மரம் 8 மீட்டர் உயர அலுமினியம். வண்டி சுலபமாக உருளுவதால் தலைக்கு மேலே பார்க்கவே தோன்றாது.