பொம்மையின் வாயும் மாத்திரைக் கணக்கும்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். எழுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்கு டிவி வந்தபோது நான் சின்னப்பிள்ளை. செய்தி வாசிக்கும் முயல் பொம்மை ஹாஸ் தாஸையும், எல்லாவற்றையும் மறந்துபோகும் குட்டிச் சூனியக்காரி லீவ ஹெக்சியையும் பார்த்து வளர்ந்தோம். பிற்பாடு வீடியோ காசெட்டில், பொம்மைகளே நடிக்கும் மப்பெட் ஷோ. முயலும் சூனியக்காரியும் பேசிய ஆப்பிரிகான்ஸ் மொழி பாதிதான் புரியும், ஆனாலும் சிரிப்போம். இப்போது அந்தப் பழைய துண்டுகளைத் திரும்பப் பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. பேரப்பிள்ளைகள் பார்க்கும் கணினிப் படங்களில் அது எனக்கு வருவதில்லை. பழைய ஞாபகத்தின் மயக்கம்தானா இது?

இன்னொரு விஷயம். சித்திரைப் புத்தாண்டுக்குத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு பொம்மை நாடகம் தயார் செய்கிறோம். ஸ்பாஞ்சில் பொம்மை செய்தாயிற்று. ஒத்திகையில் வாய் ஒருபக்கம் போகிறது, பேச்சு ஒருபக்கம் போகிறது. கரையில் போட்ட மீன் போலிருக்கிறது. பொம்மை கூரையைப் பார்த்தே பேசுகிறது. எங்கே தவறு?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

ஞாபகத்துக்கும் பங்கு உண்டு. தென்னாப்பிரிக்காவில் டிவி முறையாகத் தொடங்கியதே 1976 ஜனவரி 5ஆம் தேதிதான். ஒரே சேனல், மாலையில் மட்டும், பாதி ஆங்கிலம் பாதி ஆப்பிரிகான்ஸ். டிவி இருந்த வீடுகளிலெல்லாம் அதே முயல்தான். ஆனால் ஞாபகம் மட்டும் காரணமென்றால், மொழி புரியாமலே சிரித்ததற்கு விளக்கமில்லை.

ஹாஸ் தாஸுக்குக் குரல் கொடுத்தவர் ரியான் க்ரைவாகன். நிஜச் செய்தியை வாசித்தவரும் அவரேதான். முயல் அசடு வழியவில்லை. விலங்குகளின் ஊர்ச் சங்கதியை நாட்டு நடப்புக்கு உரிய அதே கம்பீரத்தோடு வாசித்தது. பொம்மை தன் வேலையை முழு நம்பிக்கையோடு செய்யும்போதுதான் நமக்குச் சிரிப்பு வருகிறது. நம் தோல்பாவைக்கூத்தின் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இந்த வித்தையை எப்போதோ கற்றவர்கள். ராமாயணத்துக்கு நடுவில் வந்து சண்டை போட்டுக்கொள்வார்கள், ஆனால் அந்தச் சண்டை அவர்களுக்கு உயிர்போகிற விஷயம்.

இரண்டாவது காரணம் கை. மப்பெட் ஷோவின் கெர்மிட் தவளையின் முகத்துக்குள் எந்த இயந்திரமும் இல்லை, துணிக்குள் ஒரு கை மட்டும்தான். 1955இல் மப்பெட்டுகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் தன் அம்மாவின் பழைய கோட் துணியையும் பிங்பாங் பந்தையும் வெட்டித்தான் முதல் கெர்மிட்டைச் செய்தார். அது முகம் சுளிப்பது உள்ளிருக்கும் விரல் முட்டிகள் மடங்குவதால். ஆட்டுபவர் வலக்கையைத் தலைக்குள் விட்டு, இடக்கையால் பொம்மையின் கைக்கம்பியைப் பிடிப்பார். மப்பெட்டுகளில் பெரும்பாலானவை இடக்கைப் பழக்கமுள்ளவையாகத் தெரிவது இதனால்தான். கேமராவில் விழும் படத்தைக் கீழே மானிட்டரில் பார்த்துக்கொண்டே ஆட்டுகிறார். எதிர்ப் பொம்மை சொன்னதைக் கேட்டு அந்தக் கணத்திலேயே கை திரும்புகிறது. கணினிப் படத்தில் அந்தத் திரும்பலைக் கட்டம் கட்டமாகப் பிறகு அமைக்கிறார்கள். நீங்கள் தேடுவது அந்தக் கணத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் மீன்வாய். பிள்ளைகள் வாயைத் திறக்கும்போது நான்கு விரலையும் மேலே தூக்குகிறார்கள். மேல்தாடை எகிறுகிறது, தலை பின்னால் சாய்கிறது, கண் கூரைக்குப் போகிறது. நாம் பேசும்போது இறங்குவது கீழ்த்தாடைதான். ஆகவே கட்டைவிரல் மட்டும் இறங்கவேண்டும். பொம்மையில்லாமல் பழக்குங்கள்: நான்கு விரலும் மேசையின் அடிப்பலகையைத் தொட்டபடி இருக்க, கட்டைவிரலை மட்டும் இறக்கி ஏற்றட்டும். அதோடு, கையை உயர்த்தியதும் பொம்மையின் முகம் தானாக மேலே பார்க்கும். மணிக்கட்டை முன்னால் நன்றாக மடக்கினால்தான் பார்வை சபைக்கு வரும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் பிள்ளைகளுக்கே பிடிபட்டுவிடும்.

வாய் அசைவில் நீங்கள் ஆங்கில வழக்கத்தைப் பின்பற்றியிருப்பீர்கள், அசைக்கு ஒருமுறை திறப்பு என்று. தமிழுக்கு அது ஒத்துவராது. விகுதியும் உருபும் ஒட்டி ஒட்டி நம் சொற்கள் நீளமானவை, அசைக்கு அசை திறந்தால் வாய் படபடவென்று அடித்துக்கொள்ளும். நம்மிடம் இதற்கு அழகான கணக்கு உண்டு: நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை. இதையே கைக்குச் சொல்லிக்கொடுங்கள். நெடிலுக்கு முழுத் திறப்பு, குறிலுக்குப் பாதி, சொல் கடைசியில் வரும் கு, சு, டு, துவுக்கு வாய் மூடப்போகிற நிலை. ‘சாப்பாட்டுக்கு என்ன?’ என்பதில் சா, பா இரண்டும் அகலம், ‘ட்டுக்கு’வில் வாய் ஏறக்குறைய மூடியே ஓடட்டும், ‘என்ன’வுக்கு ஒரு சின்னத் திறப்பு போதும். ‘அம்மா’ போன்ற சொற்களில் மகரமும் பகரமும் வருமிடத்தில் வாய் கட்டாயம் மூடவேண்டும். அங்கே திறந்திருந்தால் சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

செய்முறையில் சில. வாய்க்கு ஒரே அட்டையை மடித்திருந்தால் மடிப்பு சீக்கிரம் தொய்ந்துவிடும். இரண்டு துண்டாக வெட்டி, நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு, துணிப்பட்டையால் இணையுங்கள். கட்டைவிரல் வழுக்காமலிருக்க உள்ளே ஒரு எலாஸ்டிக் வளையம் தையுங்கள். தலைக்கு அரை அங்குல ஸ்பாஞ்ச் போதும். ஹாட் க்ளூ வேண்டாம், ஒட்டிய கோடு கல்லாகிவிடும். கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை சுமார் பத்து நிமிடம் காத்திருந்து அழுத்துங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், இது பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை. கருவிழியை ஒட்டுமுன் ஊசியால் குத்திவைத்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். சற்று மூக்குப்பக்கம் நகர்த்தினால்தான் பார்வை ஓரிடத்தில் குவியும்.

கை வலித்தால் பொம்மை மெல்ல மேடைக்குள் மூழ்கும். காட்சி ஒன்றரை நிமிடத்தைத் தாண்டவேண்டாம். ஒரு பொம்மை பேசும்போது மற்றது அதைப் பார்த்துச் சும்மா இருக்கட்டும். நகைச்சுவை வரி விழுந்ததும், சும்மா இருந்த பொம்மை மெதுவாகத் திரும்பி, ஒரு மூச்சு நின்று, சபையைப் பார்க்கட்டும். சிரிப்பு அங்கேதான் வெடிக்கும்.

குரலை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். தமிழ் தடுமாறும் பிள்ளைகள் கையை மட்டும் ஆட்டட்டும், குரல் வீட்டிலுள்ள பாட்டிகளுடையதாக இருக்கட்டும். ஒத்திகையில் அந்தக் குரலை நாற்பது தடவை கேட்டு, ஒவ்வொரு நெடிலுக்கும் கட்டைவிரலை இறக்கும் பிள்ளை, மேடையேறுமுன்பே வசனம் முழுவதையும் வாய்விட்டுச் சொல்லத் தொடங்கிவிடும்.

அன்புடன்.