சிஸ்பிளாட்டின் ஏற்றும்போது இத்தனை சலைன் எதற்கு?

கேள்வி: என் தாயாருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சுடன் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் ஏற்றுகிறார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றுவதில் அம்மா மிகவும் சோர்ந்துபோகிறார். இது அவசியந்தானா? நகை செய்யும் பிளாட்டினம்தான் இந்த மருந்திலும் உள்ளதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உலோகம் அதுவேதான். ஆனால் மருந்தில் ஒரு பிளாட்டினம் அணுவோடு இரண்டு குளோரின் அணுக்களும் இரண்டு அம்மோனியா மூலக்கூறுகளும் சேர்ந்திருக்கின்றன. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் பாக்டீரியாக்களின் ஊடே மின்சாரத்தைச் செலுத்தியபோது, அவை பிரியாமல் நூல்போல நீண்டுகொண்டே போயின; காரணம் மின்சாரமன்று, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினமே என்று பிறகு தெரியவந்தது. 1978இல் அந்நாட்டில் மருந்தாக அனுமதி கிடைத்தது.

இரத்தத்தில் குளோரைடு மிகுதி என்பதால் அங்கே மருந்து பெரும்பாலும் கட்டுக்குலையாமல் இருக்கும்; குளோரைடு குறைந்த செல்லுக்குள் நுழைந்ததும் குளோரின் கழன்றுவிட, பிளாட்டினம் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, செல் தன்னைப் பிரதியெடுக்க முடியாமல் மடியச் செய்கிறது. மருந்தையே சலைனில் கலப்பதும் அந்த உப்பு அதைச் சிதையாமல் காப்பதால்தான்.

இந்த மருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. வெளியேறும் வழியில் அங்குள்ள நுண்குழாய்ச் செல்களையும் தாக்குகிறது. சிறுநீர் தாராளமாகப் பிரிந்தால் மருந்து நீர்த்து விரைவில் வெளியேறும் என்பதற்காகவே இத்தனை பாட்டில்கள். உடலிலிருந்து மக்னீசியம் இழப்பாவதால் பல இடங்களில் அதையும் சேர்த்து ஏற்றுவார்கள். ஆகவே, சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்று செவிலியரை அவசரப்படுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். உடல்வலிக்கு மருந்துக்கடையில் நீங்களாகவே டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவையும் சிறுநீரகத்தைப் பாதிப்பவை. சிறுநீர் குறைந்தாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ, விரல்கள் மரத்தாலோ அடுத்த தவணைவரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் இம்மருந்தால் இழந்த கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை.

கார்போபிளாட்டின் என்ற இதன் உறவு மருந்து சிறுநீரகத்தை அவ்வளவாக வருத்தாது, ஆனால் இரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும். உங்கள் தாயாருக்குள்ள நோயில் கதிர்வீச்சுடன் சேர்த்துக் கொடுக்க முதலில் தேர்ந்தெடுக்கப்படுவது சிஸ்பிளாட்டினே. சிறுநீரகம் இடம் கொடுக்காதபோதுதான் மருத்துவர்கள் பெரும்பாலும் மற்றதை நாடுகிறார்கள்.