மூணு வயசுப் பிள்ளைக்கு எந்த புக்கு? டீச்சரக்கா பதில்கள்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல சின்னப் பிள்ளைங்க படப் புத்தகத்தப் பத்தித்தான், அதனால சமையல் கேள்வி, பரீட்சைக் கேள்வி எல்லாத்தையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வச்சிட்டு இதுக்கு மட்டும் பதில் எழுதுறேன்.

கேள்வி: டீச்சரக்கா, நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல தோட்டத்துலதான் இருக்கோம். நான் ஃபேக்டரில ஷிப்ட் வேல, வீட்டுக்காரர் லோரி ஓட்டுறாரு. மகளுக்கு மூணு வயசு, என் மாமியார்தான் பாத்துக்குறாங்க, அவங்க ரப்பர் பால் மரம் வெட்டுன காலத்து ஆளு, எழுத்து தெரியாது. பிள்ள கையில எந்நேரமும் ஹேண்ட்போன். கடையில போயி பாத்தா இங்கிலீஷ் புக்கு, மலாய் புக்குதான் இருக்கு, தமிழ்னா அ ஆ எழுதிப் பழகுற புக்கு மட்டும். எதுல ஆரம்பிக்கிறது? அம்பது வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் ஒதுக்க முடியும்.

பதில்: தங்கச்சி, உன் மாமியாருக்கு எழுத்து தெரியாதுங்கிறத ஒரு குறையா எழுதியிருக்க, அதுக்குத்தான் மொதல்ல பதில் சொல்லணும். நான் பாலர் பள்ளில இருந்தப்ப பிள்ளைங்களுக்கு சோறு ஊட்டி, முகம் கழுவி விடுற ஆயா ஒருத்தங்க இருந்தாங்க, அவங்களும் பால் மரத்துல வேல செஞ்சவங்கதான், கையெழுத்துக்கு பதிலா கைநாட்டு. ஒருநாள் எனக்கு தொண்டை கட்டிக்கிச்சு, பேச்சே வரல, பிள்ளைங்க பாய்ல உக்காந்து காத்துக்கிட்டு இருக்குதுங்க, சரின்னு அவங்க கையில 'ரோஸிஸ் வாக்'ங்கிற புக்க குடுத்தேன். பேட் ஹட்சின்ஸ்னு ஒரு அம்மா 1968ல போட்ட புக்கு அது. ஒரு கோழி பண்ணைய சுத்தி நடந்து போகுது, பின்னாலயே ஒரு நரி பாயப் பாக்குது, முழு புக்குக்கும் 32 வார்த்தைதான், அந்த 32லயும் நரிங்கிற பேச்சே கெடையாது, நரி படத்துல மட்டும்தான் வரும். ஆயா புக்க மடியில வச்சு மொதப் பக்கத்த ஒரு நிமிஷம் பாத்தாங்க. அப்புறம் குரலத் தாழ்த்தி, "ஏய்… இந்தக் கோழிக்கு பின்னால ஆரு வர்றான்னு தெரியல போலருக்கே"ன்னாங்க. அவ்வளவுதான், பாய்ல இருந்த அத்தனையும் எந்திரிச்சு நின்னு "நரி! நரி!"ன்னு கத்துதுங்க. நரி மண்வாரிய மிதிச்சு மூக்குல அடி வாங்குற பக்கத்துல அவங்களே தன் மூக்கப் புடிச்சிக்கிட்டாங்க. நான் அதே புக்க இங்கிலீஷ்ல வாசிச்சு தமிழ்ல அர்த்தம் சொன்னப்ப ஒரு பிள்ளையும் இப்படி எந்திரிக்கல.

அதனால மூணு வயசுக்கு வாங்குறப்ப எழுத்து கம்மியா, படம் கதை சொல்ற மாதிரி இருக்கானு பாரு. புக்கு எந்த மொழில அடிச்சிருந்தாலும் பரவால்ல, சொல்றது வீட்டுத் தமிழ்ல இருக்கட்டும். மலாயும் இங்கிலீஷும் பள்ளிக்கூடத்துல எப்படியும் வரும், பாட்டி வாயில வர்ற தமிழ் வேற எங்கயும் கெடைக்காது.

ரெண்டாவதா 'த வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்', எரிக் கார்ல் 1969ல செஞ்சது, அந்தப் பசிக்கிற புழு புக்கு. பெரிய கடைங்கள்ல மலிவாவும் கெடைக்கும், ஆனா கெட்டி அட்டையில உள்ளதா பாத்து வாங்கு, மெல்லிசு பேப்பர்னா மூணு வயசு கை ஒரு வாரத்துல கிழிச்சிடும். புழு திங்குற ஒவ்வொரு பழத்துலயும் நெஜமாவே ஒரு ஓட்டை இருக்கும், பிள்ள அதுல விரல விடாம பக்கத்தத் திருப்பாது. திங்கக்கெழம ஒரு ஆப்பிள், செவ்வாய் ரெண்டு பேரிக்கா, புதன் மூணு பிளம்ஸ்னு போகும், எண்ணிக்கையும் கெழமையும் பாடம் நடத்தாமலே ஏறிடும். பிளம்ஸ்னா என்னன்னு பிள்ளைக்குத் தெரியலன்னா நம்ம ஊரு ஜம்புப் பழம்னு சொல்லிட்டுப் போ, தப்பே இல்ல.

இதுல இன்னொன்னு சொல்லணும். வரிசையா கட்டுன லயத்து வீடுன்னா பின்னால ஒரு கருவேப்பிலைச் செடி கட்டாயம் இருக்கும். எலையில அங்கங்க கடிச்ச மாதிரி இருந்தா நல்லா தேடிப் பாருங்க, பச்சைப் புழு ஒன்னு எல நெறத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், மெதுவா தொட்டா தலைக்கு மேல செவப்பா ரெண்டு கொம்ப நீட்டும், ஒரு வாடையும் அடிக்கும். மருந்தடிச்சிடாதீங்க. கெளையோட ஒடிச்சு ஒரு பாட்டில்ல வச்சு, தெனம் புது எல போட்டு வந்தா அது கூட்டுப்புழுவாகி, பத்து நாள் முன்ன பின்ன கருப்புப் பட்டாம்பூச்சியா வெளிய வரும். அந்த புக்குல புழு பட்டுக்கூடு மாதிரி ஒன்னு கட்டுறதா போட்டிருக்கும், நெஜத்துல இந்தப் பட்டாம்பூச்சிப் புழு நூல் கூடு கட்டாது, தோல உரிச்சிட்டு அதுவே கூட்டுப்புழுவா கெளையில ஒட்டிக்கிட்டு இருக்கும், அந்த வித்தியாசத்த பிள்ள தன் கண்ணால பாத்துக்கும். புக்க மூடிட்டு செடிக்கிட்ட போறது, செடிய பாத்துட்டு திரும்ப புக்கு கேட்டு ஓடி வர்றது, இத விட நல்ல வாசிப்பு எனக்குத் தெரியல.

இந்த ரெண்டோட நிறுத்திக்க, மிச்ச காச வச்சிக்க. தமிழ்லயே வேணும்னா சென்னையில தூலிகா பதிப்பகம் 1996லருந்து தமிழும் இங்கிலீஷும் சேந்த படப் புத்தகம் போடுறாங்க, தமிழ்நாட்டுக்கு யாராவது போனா வாங்கிட்டு வரச் சொல்லு. காசில்லாம வேணும்னா ஸ்டோரிவீவர்னு பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015ல ஆரம்பிச்ச வெப்சைட் இருக்கு, தமிழ்ல கதைங்க நெறைய, எத்தனாவது வாசிப்புப் படிங்கிறதும் போட்டிருக்கும், மொதப் படிய எடுத்துக்க. டவுன்லோட் பண்ணி ஒரு கதைய பேப்பர்ல பிரிண்ட் போட்டு ஓரத்துல தைச்சுக் குடுத்தா அது பிள்ளைக்கு சொந்த புக்கு, போன்ல காட்ட வேணாம்.

போன் பத்தி திட்டுறதுக்கு எனக்கு மனசு வரல, ஷிப்ட் முடிஞ்சு வர்ற உடம்பு என்னன்னு தெரியும். ஆனா உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னத எழுதி வைக்கிறேன்: ரெண்டு வயசு ஆகுற வரைக்கும் ஸ்க்ரீனே வேணாம், ரெண்டுலருந்து நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேணாம், உக்கார வைக்கிற நேரத்துல பக்கத்துல ஒருத்தர் இருந்து புக்கு வாசிக்கிறதும் கதை சொல்றதும் நல்லதுன்னு. போன புடுங்குனா பிள்ள அழும், புடுங்காதீங்க, அது எந்த நேரத்துல போன் கேக்குமோ அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி பாட்டி புக்க விரிச்சிட்டு உக்காரட்டும்.

கேள்வி: டீச்சர், நான் தாப்பால இருந்து எழுதுறேன். மகனுக்கு அஞ்சு வயசு. ரெண்டு வாரமா தெனம் ராத்திரி ஒரே புக்குதான் வேணும்ங்கிறான், கரடி தேடிப் போற கதை. வேற எத எடுத்தாலும் தூக்கிப் போடுறான், ஒரு பக்கத்த தாண்டுனா கண்டுபுடிச்சிடுறான். இதனால அறிவு வளராம போயிடுமா? எனக்கு அலுத்துப் போச்சு.

பதில்: தம்பி, அலுப்பு உங்களுக்கு, அவனுக்கு இல்ல. ஒரு பக்கத்த தாண்டுனா கண்டுபுடிக்கிறான்னா முழு கதையும் வரிசையா அவன் மனசுல நிக்குதுன்னு அர்த்தம், இதத்தான அறிவுன்னு கேக்குறீங்க? அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சு, அதே மாதிரி வர்றப்ப ஒரு சந்தோஷம், கடைசி வார்த்தைய நீங்க சொல்லாம நிறுத்திப் பாருங்க, அவன் முடிப்பான்.

அந்த புக்கு 'வி ஆர் கோயிங் ஆன் எ பேர் ஹண்ட்', மைக்கேல் ரோசன் எழுதி ஹெலன் ஆக்ஸன்பரி படம் போட்டு 1989ல வந்தது, கையத் தட்டி சொல்ற பழைய பாட்டுக் கதைதான் அதுக்கு மூலம். புல்லு, ஆறு, சேறு, காடு, பனிக்காத்து, குகைன்னு போற வழி பூரா சத்தம். இத இங்கிலீஷ்லயே வாசிக்காதீங்க தம்பி, தமிழ்ல சத்தத்துக்கு பஞ்சமா? லாலாங் புல்ல விலக்கிப் போனா சரசரன்னு, பாரிட் வாய்க்கால்ல எறங்குனா சளக் சளக்குன்னு, செம்மண் சேத்துல கால் பொதக் பொதக்குன்னு. பனிய நம்ம பிள்ள எங்க கண்டான், அந்த எடத்துல தகரக் கூரையில மழ கொட்டுற மாதிரி தடதடதடன்னு தரையத் தட்டுங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் செம்பனைத் தோட்டத்து ஓரத்துல அவனோட நடந்து, போற வழிக்கெல்லாம் அந்த சத்தத்த சொல்லிட்டு வாங்க, உங்க அலுப்பும் போயிடும்.

ஒன்னே ஒன்னு மட்டும் செய்யாதீங்க. வேலைக்கு சேந்த புதுசுல நான் ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறுத்தி, இது என்ன கலர், எத்தன கால், இங்கிலீஷ்ல என்ன சொல்லுவோம்னு கேட்டுக்கிட்டே இருப்பேன், அதுதான் டீச்சர் வேலன்னு நெனச்சேன். ஒரு பையன், வாயாடி, எப்பவும் முன்னால வந்து உக்கார்றவன், கொஞ்சம் கொஞ்சமா பின்னால போனான், ஒருநாள் நான் புக்க எடுத்ததும் செருப்படுக்குற எடத்துல போயி உக்காந்துட்டான். ஏன்யா வரலன்னு கேட்டேன். "தெரியலன்னா திட்டுவீங்க"ன்னான். நான் ஒரு தடவ கூட திட்டுனதில்ல, ஆனா அவனுக்கு அந்தக் கேள்வி எல்லாம் பரீட்சையா இருந்திருக்கு. அதுக்கப்புறம் கேக்குறத விட்டுட்டு நானே "இந்த எல எவ்வளவு பெருசா இருக்கு"ன்னு ஆச்சரியமா சொல்லிட்டு சும்மா இருப்பேன். அவன் திரும்பி முன்னால வர ரெண்டு மாசம் ஆச்சு.

கேள்வி: அக்கா, எங்க பொண்ணு அடுத்த வருஷம் ஸ்டாண்டர்ட் ஒன் போறா, எழுத்துக்கூட்டி படிக்க ஆரம்பிச்சிட்டா. இனிமே நாங்க வாசிச்சுக் காட்டுறத நிறுத்தி அவளையே படிக்க விடணுமா?

பதில்: நிறுத்தாதீங்கம்மா. அவ தானா படிக்க முடியிறது "பூனை பால் குடித்தது" அளவுதான், காதால கேட்டுப் புரிஞ்சிக்கிறது அத விட ரொம்ப தூரம் போகும், அந்த எடைவெளிய நீங்க வாசிச்சாதான் நெரப்ப முடியும். அவ படிக்கிறது பகல்ல ஒரு பக்கம், நீங்க வாசிக்கிறது ராத்திரி படுக்கையில, ரெண்டையும் ஒன்னோட ஒன்னு கலக்காதீங்க. நீளமான கதையா எடுத்து கொஞ்சம் கொஞ்சமா வாசிங்க, மிச்சம் நாளைக்குன்னு மூடி வைங்க. படம் இல்லாத புக்கா இருந்தா அவ கண்ண மூடிக்கிட்டு கேக்கட்டும், நடுவுல தூங்கிட்டா விட்ட பக்கத்துல ஒரு அடையாளம் வச்சிடுங்க, காலையில எங்க விட்டோம்னு அவளே வந்து சொல்லுவா.