பவாயில் எம்.டெக். இடம் கிடைத்தால் வேலையை விடலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 28. மும்பை பக்கம் டோம்பிவிலியில் அப்பா, அம்மாவுடன் இருக்கிறேன். ஐரோலியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சப்போர்ட் வேலை, கையில் வருவது 68,000. வரும் செப்டம்பரில் ஐந்து வருடம் முடியும். சிப் வடிவமைப்பில் எம்.டெக். படிக்க வேண்டும் என்பது பி.இ. முடித்த நாளிலிருந்தே ஆசை. இந்த வருடம் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் நல்ல மதிப்பெண் வந்திருக்கிறது. வரும் ஜூலையில் பவாய் ஐ.ஐ.டி.யில் சேர முயற்சி செய்யப் போகிறேன். உதவித்தொகை மாதம் 12,400. வீட்டுச் செலவு 48,000. அதில் வீட்டுக்கடன் தவணை மட்டும் 22,000. பாக்கி 18 லட்சம், கடன் அப்பா பெயரிலும் என் பெயரிலும் இருக்கிறது. அப்பாவுக்கு பென்ஷனும் வட்டியுமாக 15,000 வருகிறது. மீதி 33,000 நான் கொடுக்கிறேன். என்னிடம் எஃப்.டி. 2 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 3.2 லட்சம், பி.எஃப். 4 லட்சம். அப்பாவுக்குச் சர்க்கரை, 3 வருடம் முன் ஸ்டென்ட் வைத்தார்கள். எங்கள் மூவருக்கும் ஆபீஸ் மருத்துவக் காப்பீடுதான். என் கல்யாணத்துக்கு என்று அப்பா 9 லட்சம் எஃப்.டி. போட்டிருக்கிறார். "கல்யாணம் முடியட்டும், அப்புறம் படி" என்கிறார். கல்விக்கடன் 8 லட்சம் எடுத்து வீட்டையும் பார்த்துக்கொண்டு படிக்கலாமா? வார இறுதியில் ஃப்ரீலான்ஸ் செய்யலாமா? இல்லை, வேலையில் இருந்துகொண்டே ஆன்லைனில் படிப்பதுதான் சரியா?

பதில்: படிக்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் கேள்வியை விடத் தயக்கம்தான் அதிகம் தெரிகிறது. கணக்கு இறுக்கமாக இருக்கும், ஆனால் ஒப்பேறும். ஒரே ஒரு இடத்தில்தான் எனக்குப் பயம். அது தவணை இல்லை. அங்கே பிறகு வருகிறேன்.

முதலில் கல்விக்கடன். 8 லட்சம் எடுத்து வீட்டுச் செலவையும் ஓட்டலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். கல்விக்கடன் கட்டணத்துக்கும் விடுதிக்கும் புத்தகம், லேப்டாப் போன்றவற்றுக்கும்தான். கட்டணத்தைப் பெரும்பாலும் வங்கியே நேராகக் கல்வி நிறுவனத்துக்கு அனுப்பிவிடும். டோம்பிவிலி வீட்டுத் தவணையை அது கட்டாது. உதவித்தொகையோடு எம்.டெக். படிப்பவருக்குக் கட்டணம் பெரிய சுமை இல்லை, வராமல் போகும் சம்பளம்தான் சுமை. 24 மாதத்துக்கு அது 16,32,000 ரூபாய். இந்தப் பள்ளத்தை நிரப்பப் பலர் பர்சனல் லோனுக்குப் போகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள்.

கட்டணத்துக்கு மட்டும் கல்விக்கடன் எடுங்கள். 4 லட்சம் வரை பொதுவாக அடமானம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். வரிச் சலுகை உண்டே என்று கூடுதலாக எடுக்க வேண்டாம். நாம் 80இ என்று சொல்லிப் பழகிய அந்தக் கழிவு பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும்தான்.

சரி, வீட்டுக் கணக்குக்கு வருவோம். நீங்கள் கொடுக்கும் 33,000 நின்றால் என்ன ஆகும்? வீட்டுக்கடனின் காலத்தை நீட்டிக்கொள்ளுங்கள். 8.5 சதவீத வட்டி என்று வைத்தால், 18 லட்சத்தை 15 வருடத்துக்கு மாற்றும்போது தவணை 17,700 அளவுக்கு இறங்கும். மாதம் 4,000 மிச்சம். படிப்பு முடிந்து வேலை கிடைத்ததும் தவணையைப் பழையபடி ஏற்றிவிட வேண்டும். அப்படியே விட்டால் கிட்டத்தட்ட 5 லட்சம் கூடுதல் வட்டி போகும். இதை சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே கேளுங்கள். மறுசீரமைத்த கடன் என்று உங்கள் சிபில் அறிக்கையில் (கடன் வரலாற்றில்) பதிவாகுமா என்றும் எழுத்தில் கேளுங்கள். ஆகும் என்றால் அந்த வழி வேண்டாம், வேறு வங்கிக்குக் கடனை மாற்றிப் புதிய காலம் வைத்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை 12,400ல் சாப்பாடு, ரயில் பாஸ், காஞ்சூர்மார்க்கிலிருந்து பஸ், போன் எல்லாம் போக 4,000 வீட்டுக்குக் கொடுக்க முடியும் என்று வைக்கிறேன். ஆக மாதம் 25,000 பள்ளம், 24 மாதத்துக்கு 6 லட்சம். உங்கள் கையில் இருப்பது 5.2 லட்சம். ஜூலைக்கு இன்னும் 8 மாதம். உங்கள் சொந்தச் செலவு 20,000 என்றால் மாதம் 15,000 சேர்க்க முடியும், அது 1.2 லட்சம். மொத்தம் 6.4 லட்சம். கையில் மிஞ்சுவது 40,000தான். மூன்று வருட ஆராய்ச்சி உதவியாளர் இடம் கிடைத்தால் இதே கணக்கை 36 மாதத்துக்குப் போட வேண்டும். அப்போது ஒப்பேறாது, அதனால் இரண்டு வருட இடத்தையே குறிவையுங்கள்.

இந்தப் பணம் இனி பங்குச் சந்தையில் இருக்கக் கூடாது. அடுத்த மாதமே தவணைக்குத் தேவைப்படும் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் விட்டுவைத்து, சந்தை விழும் நாளில் விற்பது மனதை உடைக்கும். மூன்று மூன்று மாத இடைவெளியில் முதிர்வடையும்படி எஃப்.டி.யாகப் பிரித்துப் போடுங்கள். தவணை போகும் கணக்கில் எப்போதும் மூன்று தவணை நிற்கட்டும். முதல் உதவித்தொகை கைக்கு வரத் தாமதமானாலும் வீட்டுக்குத் தெரியாது. பி.எஃப். 4 லட்சத்தை மறந்துவிடுங்கள். ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் வரி உண்டு. அதைவிட முக்கியம், பி.எஃப். பென்ஷன் திட்டத்தில் நீங்கள் இருந்தால், பென்ஷனுக்கு 10 வருட சேவை வேண்டும், இந்த ஐந்து வருடம் அதில் சேரும்.

இப்போது எனக்குப் பயம் தரும் இடம். சில வருடம் முன் ஒரு பையன் மேல்படிப்புக்காக ஜூனில் வேலையை விட்டான். கணக்கெல்லாம் சரியாகப் போட்டிருந்தான். ஆகஸ்டில் அவன் அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆபீஸ் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துபோனது ஆஸ்பத்திரி கவுன்டரில்தான் அவனுக்குத் தெரிந்தது. அவன் அம்மா என் மேஜை மேல் இரண்டு வளையலை வைத்து, "இது எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்டார். சோப்பு போட்டுக் கழற்றியிருக்கிறார் போல, மணிக்கட்டு சிவந்திருந்தது. அப்பா பிழைத்துவிட்டார். பையன் இரண்டாவது செமஸ்டரில் படிப்பை நிறுத்தினான். அன்று முதல், படிக்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் காப்பீட்டைத்தான் முதலில் கேட்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு ஸ்டென்ட் இருக்கிறது. புதிதாகத் தனி பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். உங்கள் படிப்பே இரண்டு வருடம்தான். ஆகவே புதிய பாலிசிக்கு ஓடாதீர்கள். ஆபீஸ் குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாறிக்கொள்ள விதிகளில் இடம் உண்டு. குழுவில் இருந்த காலம் காத்திருப்புக் கணக்கில் சேரும். ஆனால் வேலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும், நிறுவனம் அப்பாவின் உடல்நிலையைப் பார்த்துத்தான் முடிவு சொல்லும். பிரீமியம் சின்னத் தொகையாக இருக்காது. மிஞ்சும் அந்த 40,000 ஒரு வருடத்துக்கே போதாமல் போகலாம்.

அப்பாவின் 9 லட்சத்தில் கை வைப்பதானால் இதற்கு மட்டும்தான். படிப்புக்கு என்று கேட்காதீர்கள். "உங்கள் காப்பீட்டை நீங்களே கட்டுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். மீதி அப்படியே இருக்கட்டும். நெருக்கடி வந்தால் எஃப்.டி.யை உடைக்காமல் அதன் மேலேயே கடன் வாங்கலாம்.

காப்பீட்டு நிறுவனம் முடியாது என்று சொல்லிவிட்டால்? ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் கேட் மதிப்பெண் 3 வருடம் செல்லும். புதிய பாலிசி எடுத்து அதன் காத்திருப்பில் ஒரு வருடத்தை ஆபீஸ் காப்பீடு இருக்கும்போதே கழித்துவிடலாம், சேமிப்பும் கூடும். தள்ளிப் போட இது ஒன்றைத் தவிர வேறு எந்தக் காரணத்தையும் நான் ஏற்க மாட்டேன்.

கிராஜுவிட்டிக்காகக்கூட, அதாவது ஐந்து வருடம் முடித்தால் நிறுவனம் தரும் பணிக்கொடைக்காகக்கூட, வேண்டாம். ஐந்து வருடத்துக்கு இரண்டு மாதம் குறைகிறது என்ற கவலை புரிகிறது. அடிப்படைச் சம்பளம் 34,000 என்றால் 98,000 ரூபாய் விஷயம். நான்கு வருடமும் ஐந்தாவது வருடத்தில் 240 நாளும் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. எல்லா நிறுவனமும் அதை ஏற்பதில்லை. எச்.ஆர்.க்கு எழுதிக் கேளுங்கள். வந்தால் பிரீமியத்துக்கு ஆகும், கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

ஃப்ரீலான்ஸ் வேண்டாம். உதவித்தொகை வாங்கும்போது வேறு சம்பளம் வாங்கப் பொதுவாக அனுமதி இல்லை. அனுமதித்தாலும், ஐந்து வருடம் கழித்து மறுபடி கணக்கும் சர்க்யூட்டும் படிக்க உட்காரும் முதல் செமஸ்டரில் உங்களுக்குத் தூங்க நேரம் கிடைத்தாலே பெரிது. கூடவே உதவித்தொகைக்கான கற்பித்தல் வேலை, போக வர ரயில். பக்கத்தில் உட்காருபவர்களுக்கு 22 வயது, அவர்கள் நேராகக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள். முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் பதற வேண்டாம்.

ஆன்லைன் படிப்பு, இருக்கும் துறையிலேயே மேலே போக நினைப்பவருக்குச் சரி. நீங்கள் சப்போர்ட் வேலையிலிருந்து சிப் வடிவமைப்புக்குத் துறையே மாறப் பார்க்கிறீர்கள். அதற்கு லேப் வேண்டும், வழிகாட்டும் பேராசிரியர் வேண்டும், வளாகத்துக்கு வரும் நிறுவனங்களும் வேண்டும். முழு நேரமாகவே படியுங்கள்.

அப்பா விஷயம். நானும் ஒரு பெண்ணுக்கு அப்பா. "அப்புறம் படி" என்று அவர் சொல்வது படிப்பு பிடிக்காமல் இருக்காது. ஊரில் கல்யாண வீட்டுக்குப் போனால் நாலு பேர் கேட்பார்கள், கையிலோ மாதம் 15,000, மார்பில் ஒரு ஸ்டென்ட். மகளின் சம்பளம் நின்றால் வீடு என்ன ஆகும் என்பதை அவரால் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. கல்யாணம் என்ற பெயரில் கேட்கிறார் என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காபிக்கு அப்புறம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். 24 மாதத்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, எந்த மாதம் எந்த எஃப்.டி. முதிரும், தவணை எங்கிருந்து போகும் என்று அவர் கையாலேயே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வரன் வந்தால் பார்க்கட்டும், படிப்பு முடியும் மாதத்தையும் சொல்லியே பார்க்கட்டும்.

வேலையை விடுமுன் உங்கள் பெயரில் ஒரு டேர்ம் பாலிசியும் (ஆயுள் காப்பீடு) எடுத்துவிடுங்கள். வருமானச் சான்று கேட்பார்கள், மாணவியான பிறகு கிடைப்பது கடினம். 18 லட்சம் கடனில் உங்கள் பெயரும் இருக்கிறது.

நாளைக்கே எச்.ஆர்.க்கு இரண்டு வரியில் ஒரு மெயில் போடுங்கள்: குழுக் காப்பீடு எந்த நிறுவனத்தில் இருக்கிறது, தனி பாலிசிக்கு மாற யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும். ராஜினாமாவைப் பற்றி அதில் எதுவும் எழுத வேண்டாம். அப்பாவின் பாலிசி கைக்கு வந்த பிறகு ராஜினாமா கடிதத்தைக் கொடுத்தால் போதும்.