ஆசிரியரின் சுருதி உங்கள் சுருதியா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். தைப்பூசக் காவடிக்குக் கோயிலில் முருகன் பாட்டு பாடுவதற்காகக் குரல் பயிற்சிக்குப் போகிறேன். ஆசிரியர் ஆர்மோனியத்தில் ஒன்றரைக் கட்டை (ஸா எந்தக் கட்டையில் தொடங்குகிறது என்பதைச் சொல்லும் சுருதி அளவு) வைத்துச் சொல்லித் தருகிறார். மேல் ஸா போனால் தொண்டை எரிகிறது, தாடை இறுகுகிறது, மறுநாள் காலை குரல் கம்மிவிடுகிறது. "போகப் போகப் பழகிவிடும்" என்கிறார். வலியோடு பாடலாமா?

பதில்: பாடக் கூடாதும்மா. மூச்சுப் பயிற்சியில் விலாவும் வயிறும் ஆரம்பத்தில் களைத்துப்போவது சகஜம், ஓய்வெடுத்தால் போய்விடும், ஆனால் தொண்டை எரிந்து குரல் கம்முவது பழகுகிற வலி இல்லை. குரல் நாண்கள் வீங்குகின்றன, அந்த வீக்கத்தின் மேலேயே நாள்தோறும் பாடினால் முடிச்சு விழ வாய்ப்புண்டு.

எனக்கு உறுத்துவது அந்த ஒன்றரைக் கட்டைதான். அது பொதுவாக ஆண்களுக்கு ஒத்துவருகிற சுருதி. பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரையில் பாடுவார்கள். எண் பெரிதாக இருந்தாலும் அந்த ஸாவைக் கீழ் ஸ்தாயியிலிருந்து எடுப்பதால் உயரம் குறைவுதான். ஐந்து கட்டையில் மேல் ஸா பாடும்போது நாண்கள் நொடிக்கு 400 தடவைக்குச் சற்றுக் குறைவாக அதிரும், ஒன்றரைக் கட்டையிலோ 550-ஐத் தாண்டிவிடும். அந்த உயரத்தை எட்டத்தான் கழுத்தும் தாடையும் இறுகுகின்றன. உங்கள் முயற்சியில் குறை இல்லை.

இப்போதைக்கு இரண்டு மூன்று நாள் பாட்டை நிறுத்துங்கள். கிசுகிசுவென்று பேசுவது ஓய்வு ஆகாது, தொண்டையைச் செருமுவதும் வேண்டாம். அப்புறம் ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் கொஞ்சம் அமிழ்த்தி, குமிழி வர மெதுவாக 'ஊ' என்று ஊதிப் பழகுங்கள், நாண்களுக்கு அது இதமாக இருக்கும். பாடத் திரும்பும்போது நடு ஸ்தாயியில் பத்துப் பத்து நிமிடமாகப் பாடினால் போதும்.

காவடி விரதத்தில் சாப்பாட்டைக் குறைத்தாலும் தண்ணீரைக் குறைக்காதீர்கள். குடிக்கிற தண்ணீர் உணவுக்குழாய் வழியாகத்தான் போகிறது, நாண்களைத் தொடுவதே இல்லை, உடம்பு முழுக்க ஈரம் இருந்தால்தான் அவற்றுக்கும் கிடைக்கும், அதனால் பாடுவதற்கு முன்னால் ஒரே மடக்காகக் குடிப்பதில் பெரிய பயன் இல்லை. அன்றைக்கு உறுமி, தவில் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்தவும் வேண்டாம், மைக் கேளுங்கள்.

மூன்று வாரமாகியும் கம்மல் போகவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, குழாய் விட்டு நாண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ இரத்தம் வந்தாலோ அன்றே போய்விடுங்கள்.

ஆசிரியரிடம் சண்டை எதற்கு? "ஐயா, என் குரலுக்கு ஐந்து கட்டை வைத்துச் சொல்லித் தருவீர்களா?" என்று அடுத்த வகுப்பிலேயே கேளுங்கள்.